விமான எஞ்சின் தொடக்கி வரிச்சுருள்

விமான எஞ்சின் தொடக்கி வரிச்சுருள் என்பது, பேட்டரியிலிருந்து தொடக்கி மோட்டாருக்குச் செல்லும் பெரும் மின்னோட்டத்தை ஒரு சிறு மின்னோட்டத்தின் உதவியால் இணைக்கவும் துண்டிக்கவும் பயன்படும் மின்காந்த சுவிட்ச் ஆகும். பணிமனைகளில் இதை ஸ்டார்ட்டர் சொலினாய்டு அல்லது ஸ்டார்ட்டர் கான்டாக்டர் என்பர். செஸ்னா 172, பைப்பர் பிஏ-28 போன்ற பிஸ்டன் எஞ்சின் பொருத்திய சிறு விமானங்களில் இது கைப்பிடிக்குள் அடங்கும் அளவுள்ள ஒரு உலோகக் குப்பியாக இருக்கும்.

இக்கருவி இரண்டு எதிரெதிர் வழிகளில் பழுதாகிறது. மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் போவது ஒன்று; திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காமல் ஒட்டிக்கொள்வது மற்றொன்று. முதல் பழுதால் விமானம் தரையிலேயே நின்றுவிடும். இரண்டாவது பழுதால் தொடக்கி மோட்டார் எரிந்துபோகலாம். யாரும் சாவியைத் திருப்பாமலேயே சுழல்விசிறி சுழன்று அருகில் நிற்பவரைத் தாக்கவும் கூடும். இவ்விரு பழுதுகளுக்கும் பெரும்பாலும் ஒரே பொதுக் காரணம் உண்டு. அது சுருளுக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் குறைவது.

பெயர்

உருளை வடிவில் நெருக்கமாகச் சுற்றப்பட்ட கடத்திக் கம்பியே வரிச்சுருள். இதன் ஆங்கிலப் பெயரான சொலினாய்டு என்பது, குழாய் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிரெஞ்சு இயற்பியலாளர் ஆந்த்ரே மரீ ஆம்பியர் உருவாக்கியது. 1825 இல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஸ்டர்ஜன், இரும்பின் மீது கம்பியைச் சுற்றி மின்னோட்டம் செலுத்தி முதல் மின்காந்தத்தைச் செய்துகாட்டினார். சுருளுக்குள் இரும்பு இருந்தால் காந்த விசை பன்மடங்கு பெருகும் என்னும் அந்தக் கண்டுபிடிப்பே இக்கருவியின் அடிப்படை.

இயற்பியலில் வரிச்சுருள் என்பது சுருளை மட்டும் குறிக்கும். பணிமனை வழக்கிலோ சுருள், இரும்புத் தண்டு, தொடுமுனைகள் அனைத்தும் அடங்கிய முழுக் கருவியும் சொலினாய்டு எனப்படுகிறது. இக்கட்டுரையில் உள்ளிருக்கும் கம்பி ‘சுருள்’ என்றும், முழுக் கருவி ‘தொடக்கி வரிச்சுருள்’ என்றும் குறிக்கப்படுகின்றன.

தேவை

பிஸ்டன் எஞ்சின் தானாக ஓடத் தொடங்காது. வெளியிலிருந்து யாரேனும் அதைச் சில சுற்றுகள் சுழற்றிவிட வேண்டும். விமானப் பயணத்தின் தொடக்க காலத்தில் சுழல்விசிறியை மனிதர்களே கையால் இழுத்துச் சுழற்றினர். எஞ்சின் பற்றிக்கொள்ளும் கணத்தில் கையையோ உடலையோ விலக்கத் தவறியவர்கள் காயமடைந்தனர், சிலர் உயிரிழந்தனர். பின்னர் சுழல்விசிறியின் முனையில் தண்டைப் பொருத்திச் சுழற்றும் ஹக்ஸ் வண்டி, கனமான சக்கரத்தை வேகமாகச் சுழலவிட்டு அதன் ஆற்றலை எஞ்சினுக்கு மாற்றும் நிலைமத் தொடக்கி, வெடிமருந்துத் தோட்டாவின் வளிம அழுத்தத்தால் இயங்கும் தொடக்கி எனப் பல முறைகள் வந்தன.

மோட்டார் வாகனங்களில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் தொடக்கி 1912 ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. நாளடைவில் சிறு விமானங்களிலும் மின் தொடக்கியே பொதுவழக்காயிற்று. அத்துடன் ஒரு புதிய சிக்கலும் வந்தது. நான்கு உருளைகள் கொண்ட ஒரு விமான எஞ்சினைச் சுழற்ற, 12 வோல்ட் அமைப்பில் தொடக்கி மோட்டார் சுமார் 200 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கிறது. மோட்டார் அசையத் தொடங்கும் கணத்தில் இது இன்னும் மிகுதி. வீட்டு மின்விசிறி ஒன்று ஒரு ஆம்பியரைக்கூட எடுப்பதில்லை என்பதோடு ஒப்பிட்டால் இதன் அளவு விளங்கும்.

இவ்வளவு மின்னோட்டத்தை விமானியின் கையருகே உள்ள சாவி வழியாகச் செலுத்த வேண்டுமானால், விரல் பருமனுள்ள கேபிளை விமானி அறைக்குள் கொண்டுவந்து மீண்டும் எஞ்சினுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். விமானத்தின் எடை கூடும்; கேபிளின் மின்தடையால் மின்னழுத்தம் வீணாகும்; சாவியும் எரிந்துபோகும். ஆகவே தடித்த கேபிள் எஞ்சின் பக்கமே இருக்க, சாவிக்கு மெல்லிய கம்பி மட்டும் வருமாறு செய்யப்பட்டது. மெல்லிய கம்பியின் சில ஆம்பியர், தடித்த கேபிளின் சில நூறு ஆம்பியரை ஆள்கிறது. இந்த ஆளுகையைச் செய்வதே தொடக்கி வரிச்சுருளின் பணி.

தொடக்க கால செஸ்னா 150 போன்ற சில விமானங்களில் மின்காந்தம் இல்லாமல், விமானி ஒரு கைப்பிடியை இழுத்தால் அதனுடன் இணைந்த உலோகக் கயிறு தொடக்கியை நேரடியாக இயக்கும் ஏற்பாடு இருந்தது.

அமைப்பு

தொடக்கி வரிச்சுருளின் முதன்மைப் பகுதிகள் பின்வருமாறு:

சுருள்: காப்பிடப்பட்ட செம்புக் கம்பியால் ஆனது. 12 வோல்ட் வகையில் இதன் மின்தடை ஏறத்தாழ 4 ஓம் எனக் கொண்டால், ஓம் விதிப்படி 3 ஆம்பியர் மின்னோட்டம் பாயும்.

இரும்புத் தண்டு: சுருளின் நடுவே முன்னும் பின்னும் நகரக்கூடியது.

செம்புத் தட்டு: தண்டின் முனையில் பொருத்தப்பட்டது. இரு தொடுமுனைகளுக்கும் பாலமாக அமைவது இதுவே.

தொடுமுனைகள்: இரண்டு தடித்த போல்ட்டுகளின் உள்முனைகள். ஒன்றில் பேட்டரிப் பக்கக் கேபிளும் மற்றொன்றில் மோட்டார் பக்கக் கேபிளும் இணையும்.

சுருள்வில்: மின்னோட்டம் நின்றதும் தண்டைப் பழைய இடத்துக்குத் தள்ளுவது.

சிறு மின்முனை: சாவியிலிருந்து வரும் மெல்லிய கம்பி இணையும் இடம்.

பல வகைகளில் சுருளின் மறுமுனை உலோகக் கூட்டுடனேயே இணைக்கப்பட்டிருக்கும். அக்கூடு விமானத்தின் உலோக உடலில் போல்ட்டால் இறுக்கப்படுவதால் எர்த் இணைப்பு கிடைக்கிறது. எஞ்சின் அறையையும் விமானி அறையையும் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவரே இது வழக்கமாகப் பொருத்தப்படும் இடம். வெப்பம், அதிர்வு, எண்ணெய்ப் படிவு, ஈரம் ஆகிய நான்கும் ஒருங்கே தாக்கும் இடமும் அதுதான்.

செயற்படும் முறை

1968 முதல் லைக்கமிங் எஞ்சினுடன் வெளிவந்த செஸ்னா 172 விமானத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். எஞ்சினைத் தொடக்கும்போது நிகழ்வன வரிசையாக வருமாறு:

1. விமானி மாஸ்டர் சுவிட்சைப் போடுகிறார். பேட்டரிக்கு அருகிலுள்ள மற்றொரு வரிச்சுருளான பேட்டரி கான்டாக்டர் மூடிக்கொள்கிறது. தொடக்கி வரிச்சுருளின் ஒரு தொடுமுனை வரை மின்னழுத்தம் வந்து காத்திருக்கிறது.

2. சாவியைத் தொடக்க நிலைக்குத் திருப்பியதும் சிறு மின்முனை வழியாகச் சுருளில் மின்னோட்டம் பாய்ந்து காந்தப்புலம் உண்டாகிறது.

3. காந்த விசை சுருள்வில்லை வென்று இரும்புத் தண்டை உள்ளிழுக்கிறது. தண்டுடன் சென்ற செம்புத் தட்டு இரு தொடுமுனைகளையும் ஒருசேர அழுத்துகிறது. ‘டக்’ என்ற ஒலி கேட்பது இப்போதுதான்.

4. பெரும் மின்னோட்டம் மோட்டாருக்குப் பாய்கிறது. மோட்டாரின் சிறு பற்சக்கரம், எஞ்சினின் முன்புறமுள்ள வளையப் பற்சக்கரத்துடன் பொருந்தி அதைச் சுழற்றுகிறது. லைக்கமிங் எஞ்சின்களில் இந்த வளையத்துக்கு 122 அல்லது 149 பற்கள் இருக்கும்.

5. எஞ்சின் பற்றிக்கொண்டதும் விமானி சாவியை விடுகிறார். சுருளில் மின்னோட்டம் நிற்கிறது. சுருள்வில் தண்டைத் தள்ளுகிறது. செம்புத் தட்டு விலகி மோட்டார் நிற்கிறது.

இழுவிசை பற்றிய ஓர் உண்மையை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். தண்டின் மீதான காந்த விசை, மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. பேட்டரியின் மின்னழுத்தம் 12 வோல்ட்டிலிருந்து 8 வோல்ட்டாகக் குறைந்தால் மின்னோட்டம் மூன்றில் இரண்டு பங்காகும். விசையோ ஒன்பதில் நான்கு பங்காகும். மின்னழுத்தம் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது, ஆனால் விசை பாதிக்கும் கீழே போய்விட்டது. மேலும், தண்டு தொலைவில் இருக்கும்போது காற்று இடைவெளி மிகுதியாக இருப்பதால் இழுப்பது கடினம். உள்ளே வந்தபின் பிடித்து வைத்திருப்பது எளிது.

வகைகள்

தீத்தடுப்புச் சுவரில் தனியாகப் பொருத்தப்படும் வகை மேலே விளக்கப்பட்டது. எடை குறைந்த பல புதிய தொடக்கி மோட்டார்களில் மோட்டாரின் மேலேயே மற்றொரு வரிச்சுருள் இருக்கும். அது மின்சுற்றை மூடுவதோடு நில்லாமல், சிறு பற்சக்கரத்தையும் நெம்புகோல் வழியாக முன்னே தள்ளிப் பொருத்துகிறது. இதற்கு மிகுந்த விசை வேண்டும் என்பதால் இதில் இழுக்கும் சுருள், பிடித்துவைக்கும் சுருள் என இரண்டு இருக்கும். தொடுமுனைகள் மூடியதும் இழுக்கும் சுருளின் இரு முனைகளும் ஒரே மின்னழுத்தத்துக்கு வந்துவிடுவதால் அதில் மின்னோட்டம் தானாக நின்றுவிடும். பிடித்துவைக்கும் சுருள் மட்டும் தொடர்ந்து இயங்கும்.

தொடக்கி வரிச்சுருளும் பேட்டரி கான்டாக்டரும் வெளித்தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். ஆனால் பணி வேறு. பேட்டரி கான்டாக்டர் விமானம் இயங்கும் நேரம் முழுவதும் மூடியே இருக்க வேண்டியது. எனவே அதன் சுருளுக்கு மின்தடை அதிகம். 16 ஓம் எனக் கொண்டால் 12 வோல்ட்டில் அது 9 வாட் மட்டுமே வெப்பமாக்கும். 4 ஓம் கொண்ட தொடக்கி வரிச்சுருள் 36 வாட்டை வெப்பமாக்கும். சில நொடிகளுக்கு இது தாங்கும், மணிக்கணக்கில் தாங்காது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பொருத்தினால், ஒரு பக்கம் சுருள் கருகும். மறுபக்கம் இழுவிசை போதாமல் தொடுமுனைகள் கெடும்.

டர்பைன் எஞ்சின்களிலும் இதே கருத்து வேறு உருவில் உள்ளது. பெரிய ஜெட் விமானங்கள் பலவற்றில் அழுத்தக் காற்றால் இயங்கும் தொடக்கி பயன்படுகிறது. அக்காற்றைத் திறந்துவிடும் வால்வை ஒரு மின்காந்தச் சுருள் கட்டுப்படுத்துகிறது. அது பழுதானால் தரைப் பணியாளர் வால்வைக் கையால் திறப்பதற்கும் பல விமானங்களில் ஏற்பாடு உண்டு.

பழுதுகள்

மூடாமல் போதல்

சாவியைத் திருப்பினால் ‘டக்’ ஒலியே கேட்காது. சாவியிலிருந்து வரும் கம்பி அறுந்திருக்கலாம். சாவியின் உள்முனைகள் தேய்ந்திருக்கலாம். சுருளே எரிந்து அறுந்திருக்கலாம். கூட்டின் வழியாக எர்த் பெறும் வகைகளில், கூட்டுக்கும் தீத்தடுப்புச் சுவருக்கும் இடையே படிந்த துருவோ வண்ணப்பூச்சோ போதும், சுருளுக்குள் மின்னோட்டம் பாயாது.

வெப்பமும் ஒரு காரணம். செம்பின் மின்தடை ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடுகிறது. பறந்து வந்து இறங்கி எரிபொருள் நிரப்பும் இடைவேளையில், காற்றோட்டம் நின்ற எஞ்சின் அறை நன்கு சூடேறும். சுருளின் வெப்பநிலை 50 பாகை உயர்ந்தால் மின்தடை 20 விழுக்காடு கூடும். மின்னோட்டம் அதற்கேற்பக் குறைய, இழுவிசை ஏறத்தாழ 70 விழுக்காடாகச் சுருங்கும். காலையில் ஒழுங்காக இயங்கிய தொடக்கி நண்பகலில் அசையாமல் இருந்து, மாலையில் மீண்டும் இயங்குவதற்கு இது காரணமாகலாம். ‘தானாகச் சரியாகிவிட்டது’ என்று அதை விட்டுவிடுவது தவறு.

தடதடத்தல்

சாவியைத் திருப்பியதும் ‘டக் டக் டக்’ என்று விரைவாகத் தொடர் ஒலி கேட்கும்; எஞ்சின் சுழலாது. பள்ளிப் பாடநூலில் வரும் மின்சார மணியின் தத்துவமே இங்கும் நிகழ்கிறது. மணியில், மின்காந்தம் சுத்தியை இழுத்ததும் மின்சுற்று தானே துண்டிக்கப்படும். சுத்தி திரும்பியதும் மீண்டும் மூடும். இங்கே, பலம் குன்றிய பேட்டரி சுமையில்லாதபோது சுருளை இழுக்கப் போதுமான மின்னழுத்தம் தருகிறது. தொடுமுனைகள் மூடி மோட்டார் பெரும் மின்னோட்டத்தை இழுத்ததும் மின்னழுத்தம் சரிகிறது. சுருளால் தண்டைப் பிடித்துவைக்க முடியாமல் தொடுமுனைகள் திறக்கின்றன. சுமை நீங்கியதும் மின்னழுத்தம் மீள்கிறது. சுருள் மீண்டும் இழுக்கிறது. சாவி திரும்பியிருக்கும் வரை இது தொடரும்.

பேட்டரி நன்றாக இருந்தும் இது நிகழலாம். பேட்டரி முனைகளில் படியும் வெண்ணிற உப்பு, தளர்ந்த இணைப்புகள், நீண்ட கேபிள்கள் ஆகியவையும் மின்னழுத்தத்தை விழுங்கும். பைப்பர் பிஏ-28 வகையின் பழைய விமானங்களில் அலுமினியக் கேபிள்கள் பயன்பட்டன. அவற்றின் முனைகள் காலப்போக்கில் அரிப்புற்று மின்தடை கூடியதால், பல உரிமையாளர்கள் செம்புக் கேபிள்களுக்கு மாறினர்.

தொடுமுனைத் தேய்வு

மின்னோட்டம் பாயும் தொடுமுனைகள் பிரியும் ஒவ்வொரு முறையும் இடைவெளியில் மின்வில் தோன்றும். அது செம்பைச் சிறிது உருக்கிச் சிதறடித்து, பரப்பைக் கரியும் குழியுமாக்கும். தொடும் பரப்பு குறைய மின்தடை கூடுகிறது.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கு காட்டும். தொடுமுனைகளின் மின்தடை ஓர் ஓமின் ஆயிரத்தில் ஒரு பங்கு எனவும் மின்னோட்டம் 200 ஆம்பியர் எனவும் கொள்க. இழக்கப்படும் மின்னழுத்தம் 0.2 வோல்ட், வெப்பம் 40 வாட். மின்தடை பத்து மடங்கானால், அதே மின்னோட்டத்துக்கு இழப்பு 2 வோல்ட். வெப்பம் 400 வாட், அதாவது ஒரு சிறு இஸ்திரிப் பெட்டியின் அளவு. ஓமின் நூறில் ஒரு பங்கு என்பது சாதாரண மின்தடைமானியால் சரியாக அளக்க முடியாத அளவு. ஆகவே, மோட்டார் ஓடாதபோது அளந்து பார்த்து ‘இணைப்பு இருக்கிறது’ என்று முடிவுசெய்தால் தேய்ந்த தொடுமுனைகளும் நல்லவையாகவே தோன்றும்.

திறக்காமல் ஒட்டிக்கொள்ளுதல்

உருகிய செம்பு ஆறும்போது செம்புத் தட்டும் தொடுமுனையும் பற்றவைத்ததுபோல ஒன்றாகிவிடலாம். இழுவிசை வலுவாக இருந்தால் தட்டு இறுக அழுந்தும். உருகும் வாய்ப்பு குறைவு. மின்னழுத்தம் குறைந்து தட்டு மேலோட்டமாகத் தொட்டு நின்றாலும், தடதடத்து மீண்டும் மீண்டும் மின்வில் தோன்றினாலும் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு மிகும். பலம் குன்றிய பேட்டரியுடன் ‘இன்னும் ஒருமுறை’ என்று சாவியைத் திருப்பிக்கொண்டே இருப்பது, தொடங்காத பழுதைத் திறக்காத பழுதாக மாற்றும் செயல். முறிந்த சுருள்வில்லும், துருவால் சிக்கிய தண்டும் இதே நிலையை உண்டாக்கும்.

ஒட்டிக்கொண்டால் சாவியை விட்டபின்னும் மோட்டாருக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். எஞ்சின் ஓசையில் மோட்டாரின் ஓசை விமானிக்குக் கேட்பதில்லை. சில நொடிகள் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட மோட்டார் இடைவிடாமல் சுழன்று எரிந்துபோகும்; புகையும் தீயும் உண்டாகலாம்.

இதைவிடக் கொடிய சூழலும் உண்டு. விமானி எஞ்சினையும் மாஸ்டர் சுவிட்சையும் நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார். ஒட்டிய தொடுமுனைகள் அப்படியே இருக்கின்றன. பிறகு ஒருவர் விளக்குகளையோ எரிபொருள் அளவையோ பார்ப்பதற்காக மாஸ்டர் சுவிட்சை மட்டும் போடுகிறார். அக்கணமே மோட்டாருக்கு மின்சாரம் கிடைத்துச் சுழல்விசிறி சுழலும். சாவி அணைந்த நிலையில் இருப்பதால் யாரும் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். மேக்னெட்டோவை அணைக்கும் கம்பி அறுந்தும், உருளையில் எரிபொருள் மிச்சம் இருந்தும் விட்டால் எஞ்சின் பற்றிக்கொள்ளவும் கூடும்.

சாவியைத் தாக்கும் மின்னழுத்தம்

சுருளில் பாயும் மின்னோட்டம் திடீரென நிற்கும்போது, தன் மின்தூண்டலால் எதிர்த்திசையில் பெரும் மின்னழுத்தம் தோன்றும். 12 வோல்ட் சுருளிலும் இது சில நூறு வோல்ட் வரை எழக்கூடும். இது சாவியின் உள்முனைகளில் தீப்பொறியாகப் பாய்ந்து அவற்றை அரிக்கும். விமானங்களில் தொடக்கச் சாவியே மேக்னெட்டோக்களையும் அணைக்கும் சாவியாக இருப்பதால், சாவியின் பழுது இரட்டிப்புத் தீங்கானது.

இதைத் தடுக்கச் சுருளுக்கு இணையாக ஒரு டையோடு பொருத்தப்படுகிறது. சாவி மூடியிருக்கும்போது அது கடத்தாது. சாவி திறந்ததும் சுருளின் ஆற்றலுக்கு அது வழிவிடும். டையோடைத் தலைகீழாகப் பொருத்தினால் சாவியைத் திருப்பியதும் குறுக்குச்சுற்று ஏற்படும். ஐக்கிய அமெரிக்காவின் நடுவண் வான்போக்குவரத்து நிர்வாகம் 1993 இல், சிறு விமானங்களில் பரவலாகப் பயன்படும் ஒரு வகைத் தொடக்கச் சாவிகளுக்காக வெளியிட்ட பறப்புத்தகுதி ஆணையில், சாவியின் உட்பகுதியைச் சோதிப்பதோடு இத்தகைய டையோடு பற்றியும் குறிப்பிட்டது.

பழுதறிதல்

பழுதறியும் பணியை உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளரே செய்ய வேண்டும். சக்கரங்களுக்குத் தடைக்கட்டை வைத்து, எரிபொருளை அடைத்து, சுழல்விசிறியின் சுற்றுவட்டத்தில் எவரும் இல்லை என்று உறுதிசெய்த பின்னரே சாவியைத் திருப்ப வேண்டும். 12 வோல்ட் அமைப்பில், சாவி தொடக்க நிலையில் இருக்கும்போது எடுக்கப்படும் அளவீடுகள் கீழ்க்கண்டவாறு உணர்த்தும்:

சிறு மின்முனையில் மின்னழுத்தமே இல்லை: சாவியிலோ அதன் கம்பியிலோ பழுது.

சிறு மின்முனையில் போதிய மின்னழுத்தம் உண்டு, ‘டக்’ ஒலி இல்லை: சுருளிலோ எர்த் இணைப்பிலோ பழுது.

‘டக்’ ஒலி உண்டு, மோட்டார் சுழலவில்லை, இரு பெரிய போல்ட்டுகளுக்கு இடையே பேட்டரியின் மின்னழுத்தம் ஏறக்குறைய முழுதும் உள்ளது: தொடுமுனைகள் எரிந்துவிட்டன.

மோட்டார் மெதுவாகச் சுழல்கிறது, போல்ட்டுகளுக்கு இடையே அரை வோல்ட்டுக்கு மேல் உள்ளது: தொடுமுனைகள் தேய்ந்துள்ளன. நல்ல நிலையில் இந்த அளவு 0.2 அல்லது 0.3 வோல்ட்டைத் தாண்டாது.

போல்ட்டுகளுக்கு இடையே மிகக் குறைவு, ஆனால் பேட்டரியின் மின்னழுத்தமே 7 வோல்ட்டுக்குச் சரிகிறது: பேட்டரியையோ மோட்டாரையோ சோதிக்க வேண்டும், வரிச்சுருளில் குறையில்லை.

வரிச்சுருளைச் சுத்தியால் தட்டுவதும், இரு பெரிய போல்ட்டுகளையும் திருப்புளியால் இணைப்பதும் சாலை வாகனங்களில் சிலர் கையாளும் வழிகள். தட்டினால் சிக்கிய தண்டு நகரலாம். ஆனால் அது எப்போது மீண்டும் சிக்கும் என்று தெரியாது. திருப்புளியால் இணைப்பவர், சுழலப்போகும் சுழல்விசிறிக்கு மிக அருகில் நிற்கிறார். விமானத்தில் இவ்விரண்டும் கூடாதவை.

மாற்றிப் பொருத்துதல்

மூடி அடைக்கப்பட்ட குப்பி என்பதால் தொடக்கி வரிச்சுருள் பொதுவாகப் பழுதுபார்க்கப்படுவதில்லை, மாற்றப்படுகிறது. சான்றளிக்கப்பட்ட விமானத்தில் அதற்கென ஒப்புதல் பெற்ற பாகத்தையே பொருத்த வேண்டும். தோற்றம் ஒத்த வாகனப் பாகங்கள் குறைந்த விலைக்குக் கிடைத்தாலும், சுருளின் மின்தடை, தொடுமுனையின் தாங்குதிறன், எர்த் பெறும் முறை ஆகியவை வேறாக இருக்கக்கூடும். 12 வோல்ட், 24 வோல்ட் வகைகளையும் மாற்றிப் பொருத்தக் கூடாது.

பெரிய போல்ட்டில் நட்டை இறுக்கும்போது போல்ட்டும் சேர்ந்து திரும்பினால், உள்ளே தொடுமுனை கோணலாகும். ஆகவே உள் நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு வெளி நட்டை மற்றொன்றால் இறுக்க வேண்டும். புதிய கருவியைப் பொருத்துமுன் கூடு அமரும் இடத்தைப் பளபளப்பாகச் சுரண்டி எர்த் இணைப்பை உறுதிசெய்ய வேண்டும். பழைய கருவி ஏன் கெட்டது என்று பாராமல் மாற்றினால், அதே பலம் குன்றிய பேட்டரியும் அதே துருப்பிடித்த கேபிளும் புதியதையும் கெடுக்கும்.

பாதுகாப்பு நடைமுறைகள்

தொடக்கியை நீண்ட நேரம் ஓட்டக் கூடாது. செஸ்னா 172எஸ் வகையின் கையேடு 10 நொடி சுழற்றிவிட்டு 20 நொடி ஆறவிடவும், இவ்வாறு மும்முறை முயன்றபின் 10 நிமிடம் ஆறவிடவும் கூறுகிறது. ஒவ்வொரு விமானத்துக்கும் அதன் கையேட்டில் உள்ள வரம்பே பொருந்தும்.

தடதட ஒலி கேட்டால் உடனே சாவியை விட வேண்டும். பேட்டரிக்கு மின்னேற்றம் செய்யாமல் மறுபடி முயலக் கூடாது.

எஞ்சின் பற்றியதும் சாவி தானாகத் திரும்பியதா என்று பார்க்க வேண்டும். திரும்பவில்லையெனில் குறை சாவியில் இருக்கலாம். கையால் திருப்பினாலே மோட்டார் நின்றுவிடும்.

மோட்டார் பக்கத் தொடுமுனையுடன் இணைத்த எச்சரிக்கை விளக்கு சில விமானங்களில் உண்டு. சாவியை விட்டபின்னும் அது எரிந்தால் தொடுமுனைகள் ஒட்டிவிட்டன என்று பொருள். விளக்கு இல்லாத விமானங்களில், அம்மீட்டர் வழக்கத்துக்கு மாறான அளவைக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒட்டியது என்று ஐயம் எழுந்தால் எரிபொருள் கலவையை நிறுத்தி எஞ்சினை அணைத்து, மாஸ்டர் சுவிட்சின் பேட்டரி, ஆல்டர்னேட்டர் ஆகிய இரு பாதிகளையும் அணைக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் மட்டும் இயங்கினாலும் மோட்டாருக்கு மின்சாரம் கிடைக்கக்கூடும். பேட்டரியின் கேபிளைக் கழற்றி, மாஸ்டர் சுவிட்சைப் போடக் கூடாது என்று எழுதிய அட்டையை விமானி அறையில் தொங்கவிட்டு, பொறியாளருக்கு அறிவிக்க வேண்டும்.

சாவி கையில் இருந்தாலும், மாஸ்டர் சுவிட்ச் போடப்படும் ஒவ்வொரு முறையும் சுழல்விசிறி சுழலக்கூடும் என்றே கொள்ள வேண்டும். சுவிட்சைப் போடுபவர் முன்னே எவரும் இல்லை என்று பார்த்து, குரல் கொடுத்துவிட்டே போட வேண்டும்.